வரைபுக் கணிப்பானில் நூல் வாசித்தல்: தமிழ் எழுத்தும் சிறு பொறிகளும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

கணிப்பதற்கென ஆக்கப்பட்ட பொறியொன்றிலே நூலை வாசிக்க முற்படுதல் முதற்பார்வையில் ஒரு பொழுதுபோக்காகவே தோன்றும். மாணவர் கையிலுள்ள வரைபுக் கணிப்பான் சார்புகளின் வரைபுகளைத் தீட்டுவதற்கும் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கும் உரியது. அதன் சிறு திரையிற் கதையோ செய்யுளோ வாசித்தல் அதனை ஆக்கியோர் முதலிற் கருதிய பயனன்று. எனினும் 1990களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாணவர் பலர் இப்பொறிகளுக்கான வாசிப்புச் செயலிகளைத் தாமே எழுதியும், பொறியில் நிறுவியும், தம்முட் பகிர்ந்தும் வந்துள்ளனர்.

இவ்வரலாற்றைத் தமிழாய்வு கவனத்திற் கொள்வதற்கு நியாயமுண்டு. பொறியின் இடம் குறுகியது. தமிழ் எழுத்தின் தொகையோ பெரியது. இவ்விரண்டுக்கும் இடையிலான முரண்பாடு அச்சுப்பொறி வந்த நாள் தொட்டுத் தமிழரை எதிர்நோக்கி வந்துள்ளது. அச்சுக்கோப்பாளரின் எழுத்துப் பெட்டியிலும், தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையிலும், கணினியின் குறிமுறையிலும் அதே வினாவே வெவ்வேறு வடிவில் எழுந்தது. ஓர் எழுத்து என்பது யாது, அதனை எத்தனை உறுப்புகளாகப் பிரிக்கலாம், அவ்வுறுப்புகளை எவ்வொழுங்கிற் சேர்க்கலாம் என்பதே அவ்வினா. வரைபுக் கணிப்பானில் இவ்வினா மிகச் சுருங்கிய அளவில், மறைவின்றி, தனியொரு மாணவன் முற்றாக விளங்கிக்கொள்ளத்தக்க வகையில் வெளிப்படுகின்றது.

இக்கட்டுரை நிறுவ முனைவது ஒன்றே. சிறு பொறியில் நூல் வாசித்தலைச் சாத்தியமாக்கியவர்கள் பெரும்பாலும் பொறியை விற்றவர்களல்லர், அதனைப் பயன்படுத்தியவர்களே. அவர்களது முயற்சி நிலைபெறுவதற்கு மூன்று நிபந்தனைகள் தேவைப்பட்டன. பொறியில் தம் செய்நிரலை இயக்கும் உரிமை முதலாவது. எல்லோரும் ஏற்ற எழுத்துக் குறிமுறை இரண்டாவது. கணினி வாசிக்கத்தக்க மூலபாடம் மூன்றாவது. இவற்றுள் ஒன்று இல்லாவிடினும் வாசிப்பு நிகழாது.

கொழும்பில் எழுத்தும் பொறியும்

கொழும்பிலே தமிழெழுத்துப் பொறியுட் புகுந்த வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டிலே தொடங்குகின்றது. ஒல்லாந்த ஆளுநர் வான் இம்ஹோஃப் காலத்தில், 1730களின் பிற்பகுதியில், கொழும்பில் அச்சகம் நிறுவப்பட்டது. சிங்கள நூல்களைத் தொடர்ந்து தமிழ் நூல்களும் அங்கு அச்சேறின. கொழும்பிற் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759ஆம் ஆண்டில் இவ்வச்சகத்தில் அச்சிடப்பட்டது. கொட்டாஞ்சேனையை அடுத்த குன்றில் இன்றும் நிற்கும் உல்ஃபெண்டால் தேவாலயம் இதே காலப்பகுதியில், 1757ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் ஆகிய அயற்பகுதிகள் அச்சுத்தொழில் வளர்ந்த இடங்களாயின. 1930ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட வீரகேசரி நாளிதழ் கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவந்தமை இத்தொடர்பிற் குறிப்பிடத்தக்கது.

ஈய எழுத்தைக் கொண்டு அச்சுக்கோக்கும் முறையில் எழுத்தின் தொகை பெருகினாற் பெட்டியின் அறைகள் பெருகும், அவ்வளவே. தட்டச்சுப் பொறியில் அத்தகைய வசதி இல்லை. விசைகளின் தொகை வரையறுக்கப்பட்டது. இச்சிக்கலைத் தீர்த்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டிற் பிறந்து மலாயா சென்று சிங்கப்பூரிற் பணியாற்றிய ஆர். முத்தையா ஆவார். 247 எழுத்துக்களை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குதற்கு அவர் எழுத்துக்களை உறுப்புகளாகப் பிரித்தார். உயிர்க்குறியொன்றை அடிக்கும்பொழுது தாளைத் தாங்கும் உருளை நகராது நிற்க, அடுத்து அடிக்கும் மெய்யுரு அதே இடத்தில் விழுந்து இரண்டும் இணைந்து ஓரெழுத்தாகும் வண்ணம் ‘நகரா விசை’ என்னும் உத்தியைக் கையாண்டார். முதல் உலகப் போருக்குப் பின்னர் அவரது அமைப்பிலான பொறிகள் ஜேர்மனியிலே தயாராகி விற்பனைக்கு வந்தன.

முத்தையாவின் தீர்வு நமக்கு உணர்த்துவது யாதெனில், தமிழில் இலக்கணகாரர் கூறும் எழுத்து வேறு, பொறிக்கு வேண்டிய உரு வேறு என்பதாகும். ‘கொ’ என்பது இலக்கணத்தில் ஓரெழுத்து. பொறிக்கோ அது கொம்பு, ககரம், கால் என மூன்று உருக்கள். இவ்வேறுபாட்டை உணர்ந்து, தன் மொழிக்கேற்பப் பொறியை வளைத்தவர் பொறி செய்யும் நிறுவனத்தின் பொறியியலாளரல்லர். தமிழறிந்த ஒரு வணிக நிலைய ஊழியர். இதே நிலைமை எட்டுத் தசாப்தங்களின் பின்னர் வேறொரு பொறியின் வரலாற்றில் மீண்டும் காணப்படுகின்றது.

வரைபுக் கணிப்பானும் வாசிப்புச் செயலியும்

வரைபு தீட்டும் கணிப்பான் வணிகப் பொருளாக முதன்முதல் வெளிவந்தது 1985ஆம் ஆண்டிலாகும். ஜப்பானின் காசியோ நிறுவனம் வெளியிட்ட எஃப்.எக்ஸ்.-7000ஜி என்னும் அப்பொறியின் திரை அகலத்தில் 96, உயரத்தில் 64 படப்புள்ளிகளைக் கொண்டது. செய்நிரலுக்கென அதிலிருந்த நினைவகம் 422 பைட்டுகள் மாத்திரமே. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1990ஆம் ஆண்டில் டி.ஐ.-81 என்பதனையும், 1992ஆம் ஆண்டில் டி.ஐ.-85 என்பதனையும் வெளியிட்டது. பின்னையது வடத்தின் மூலம் மற்றொரு கணிப்பானுடனோ கணினியுடனோ இணைக்கத்தக்கது. வாசிப்பின் வரலாற்றில் இவ்வடமே திருப்புமுனை எனலாம். அதுவரை பொறியுட் செல்ல வேண்டிய ஒவ்வோரெழுத்தும் விசையை அழுத்தியே செல்ல வேண்டியிருந்தது. வடம் வந்தபின் கணினியில் ஆயத்தஞ்செய்த கோப்பு முழுவதாகவே செல்லலாயிற்று.

எனினும் வடம் மாத்திரம் போதுமானதன்று. கணிப்பானுள் அமைந்த எளிய செய்நிரல் மொழி மெதுவானது. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் விரைந்து ஆளும் ஆற்றல் அதற்கில்லை. பொறியின் நுண்செயலி நேரே விளங்கிக்கொள்ளும் பொறிமொழியில் எழுதினாலன்றிப் பயனுள்ள வாசிப்புச் செயலியை ஆக்கவியலாது. டி.ஐ.-85இற் பொறிமொழிக்கு நிறுவனம் வழிவிடவில்லை. 1994ஆம் ஆண்டில் ஆர்வலர் சிலர் அதன் நினைவகம் முழுவதனதும் காப்புப் பிரதியைக் கணினியில் எடுத்து, அதிற் சிறு மாற்றஞ்செய்து, மீண்டும் பொறிக்கு அனுப்புவதன் மூலம் தம் பொறிமொழிச் செய்நிரல்களை இயக்கும் வழியைக் கண்டனர். இசெட்ஷெல் எனப்பட்ட அச்செய்நிரலே பிற்கால முயற்சிகளுக்கெல்லாம் வாயிலாக அமைந்தது. 1996ஆம் ஆண்டில் வெளிவந்த டி.ஐ.-83இல் நிறுவனமே பொறிமொழிக்கு இடம் வைத்தது. விளையாட்டுக்களும் பயன்பாட்டுச் செய்நிரல்களும் பல்கிப் பெருகின. வாசிப்புச் செயலிகள் அவற்றுள் ஒரு வகையாயின. காலப்போக்கிற் குறிப்பேட்டுச் செயலி, கற்றல் அட்டைச் செயலி ஆகியவற்றை நிறுவனமும் வெளியிட்டது. பயன்படுத்துவோர் முன்செல்ல, உற்பத்தி செய்வோர் பின்தொடர்ந்தமை இங்கு கவனிக்கத்தக்கது.

1999ஆம் ஆண்டில் வெளிவந்த டி.ஐ.-83 பிளஸ் இவ்வரலாற்றின் மையப் பொறியாகும். அதன் நுண்செயலி இசெட்-80. வேகம் 6 மெகாஹேர்ட்சு. செய்நிரல் இயங்கும் தற்காலிக நினைவகத்திற் பயனாளருக்கு உரியது ஏறத்தாழ 24 கிலோபைட்டு. மின்கலம் நீங்கினும் அழியாத களஞ்சிய நினைவகம் ஏறத்தாழ 160 கிலோபைட்டு. திரையின் அளவு முதலிற் கூறிய காசியோ பொறியினதைப் போன்றே 96க்கு 64 புள்ளிகள். ஆங்கில எழுத்தாயின் வரிக்குப் பதினாறாக எட்டு வரிகள் காட்டத்தக்கவை.

இப்பொறிக்குரிய வாசிப்புச் செயலியின் வேலையைச் சுருங்கக் கூறின் அது நான்கு படிகளைக் கொண்டது. களஞ்சியத்திலுள்ள கோப்பைத் தற்காலிக நினைவகத்துக்குப் படியெடுக்காமலே நேரே வாசித்தல் முதற்படி. இசெட்-80 ஒரே நேரத்தில் நோக்கத்தக்க நினைவகம் 64 கிலோபைட்டு மாத்திரமாதலால், களஞ்சியம் 16 கிலோபைட்டு கொண்ட பக்கங்களாகவே அதற்குக் காட்டப்படும். எனவே பாடம் ஒரு பக்கத்தின் எல்லையைக் கடக்குமிடத்துச் செயலி அடுத்த பக்கத்துக்கு மாற வேண்டும். வரியின் அகலத்துக்கேற்பச் சொற்களைப் பிரித்தல் இரண்டாம் படி. ஒவ்வோர் உருவையும் புள்ளிகளாகத் திரையில் எழுதுதல் மூன்றாம் படி. வாசகர் முன்பின்னாகப் புரட்டுவதற்கும், நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் தொடங்குவதற்கும் உதவியாகத் திரைகளின் தொடக்க இடங்களைக் குறித்துவைத்தல் நான்காம் படி. முன்னோக்கிச் செல்லுதல் எளிது. பின்னோக்கிச் செல்லுதலே கடினம்; ஏனெனில் முந்திய திரை எவ்விடத்திலே தொடங்கியதென்பது பாடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அறியக்கூடியதன்று.

நிறுவும் முறையும் இங்கு கூறத்தக்கது. கணினியில் எழுதித் தொகுத்த செயலிக்கு எண்மக் கையொப்பம் இடல் வேண்டும். இலவசச் செயலிகளுக்கான கையொப்பத் திறவியொன்றை நிறுவனமே பொதுவாக வழங்கியிருந்தது. கையொப்பமிட்ட செயலியும், உரிய வடிவத்துக்கு மாற்றிய பாடக் கோப்பும் வடத்தின் வழியே அனுப்பப்படும். அதன் பின்னர் கணினியோ வலையோ வேண்டியதில்லை. நான்கு சிறு மின்கலங்களில் பொறி தனித்து இயங்கும்.

தமிழெழுத்துக்கு வேண்டிய இடம்

இத்தகைய பொறியில் தமிழைக் காட்டுதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணித்துப் பார்த்தல் பயனுடையது. பொறியின் உள்ளமைந்த எழுத்துருவிலே தமிழ் இல்லை. ஆகவே செயலியே தன் எழுத்துருவைக் கொண்டுசெல்ல வேண்டும். முத்தையா எதிர்நோக்கிய வினா இங்கு மீண்டும் எழுகின்றது.

உயிர் 12, ஆய்தம் 1. மெய் பதினெட்டுக்கும் அகரமேறிய உரு, புள்ளியுரு, இகர ஈகார உருக்கள், உகர ஊகார உருக்கள் என ஆறு வகை கொண்டால் 108. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி என 4. ஆக 125 உருக்கள். ஔகார நெடிலுக்குரிய குறியாக ளகர உருவையே பயன்படுத்தலாம். பழைய அச்சு நூல்களின் வடிவத்தை அவ்வாறே காட்ட விரும்பின் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய உருக்கள் 7 சேர்ந்து 132 ஆகும். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் இவ்வேழையும் வேண்டாதனவாக்கிற்று; அச்சீர்திருத்தத்தின் பயனைச் சிறு பொறியில் எண்ணாகவே காணலாம். கிரந்த எழுத்து ஐந்துக்கும் ஆறு வகை உருக்களும், ‘ஸ்ரீ’ ஒன்றும் சேர்ப்பின் மொத்தம் 163. எண்களையும் நிறுத்தக் குறிகளையும் கூட்டினும் 256க்குள் அடங்கும். அதாவது ஒவ்வோர் உருவுக்கும் ஒரு பைட்டு போதுமானது.

மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் தெளிவாகத் தோன்றுவதற்குப் பத்துப் புள்ளி உயரம் வேண்டுமெனக் கொள்வோம். வரிசையொன்றுக்கு இரண்டு பைட்டாக ஓருருவுக்கு 20 பைட்டும், அதன் அகலத்தைக் குறிக்க ஒரு பைட்டும் தேவை. 163 உருக்களுக்கும் 3,423 பைட்டுகளாகும். செயலியொன்றுக்குரிய 16 கிலோபைட்டுப் பக்கத்தில் இது ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. ஆகவே தமிழெழுத்து சிறு பொறிக்குப் பொருந்தாதது என்னும் கூற்று ஆதாரமற்றது.

திரையைப் பொறுத்தவரையிற் பத்துப் புள்ளி உயரத்தில் ஆறு வரிகள் அமையும். உருவின் சராசரி அகலம் எட்டுப் புள்ளியாயின் வரிக்குப் பன்னிரண்டு உருக்கள். குறட்பா ஒன்றின் முதலடி நாற்சீரும் இரண்டு அல்லது மூன்று வரிகளில் அடங்க, இரண்டாமடி முச்சீரும் இரண்டு வரிகளில் அடங்கும். ஒரு திரைக்கு ஒரு குறள் என்பது இப்பொறியின் இயல்புக்கு ஒத்த அளவாக அமைவது காண்க. நெடிய உரைநடைக்கு இத்திரை ஏற்றதன்று. செய்யுளுக்கும் பழமொழிக்கும் விடுகதைக்கும் அருஞ்சொற்பொருளுக்கும் ஏற்றதாகும்.

குறிமுறையும் அதன் விலையும்

மேற்கூறிய கணக்கு உருவின் அடிப்படையிலானது. ஆயின் இன்று கணினிகளிலுள்ள தமிழ்ப் பாடங்கள் ஒருங்குறியில் எழுதப்பட்டவை. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகளுக்கான 1988ஆம் ஆண்டுக் குறிமுறையைத் தழுவி, தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதியை ஒதுக்கியது. அதிலே மெய்யுருக்களும் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி இடம்பெற்றன. உகரமேறிய உருக்கள் இடம்பெறவில்லை. அவற்றை ஆக்கும் பொறுப்பு எழுத்துருவிடமும் அதனை இயக்கும் மென்பொருளிடமும் விடப்பட்டது.

‘கொழும்பு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் அது எட்டுக் குறிகளாலானது. பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுதலால் 24 பைட்டுகள் வேண்டும். உருவின் அடிப்படையிலோ கொம்பு, ககரம், கால், ழு, ம், பு என ஆறு பைட்டு போதும். நான்கிலொன்று என்பது சிறிய வேறுபாடன்று. திருக்குறளின் 1330 குறள்களிலும் 9,310 சீர்கள் உள. இடைவெளி உட்படச் சீருக்கு ஏழு பைட்டு எனக் கொண்டால், உருமுறையில் ஏறத்தாழ 65,000 பைட்டுகளாகும். இரண்டு மூன்று கோப்புகளாகப் பிரித்து டி.ஐ.-83 பிளஸின் களஞ்சியத்தில் வைத்தபின்னும் பாதிக்கு மேல் எஞ்சும். ஒருங்குறியில் இரண்டு இலட்சம் பைட்டைக் கடக்கும், அக்களஞ்சியத்தில் அடங்காது.

இதனால் ஒருங்குறி வேண்டாததென்று முடிவு செய்தல் தவறாகும். ஒருங்குறிக்கு முந்திய காலத்திலே ஒவ்வோர் எழுத்துருவும் தன்தன் குறிமுறையைக் கொண்டிருந்தது. ஈழத்தவர் மத்தியிற் பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துருவில் எழுதிய கட்டுரையை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். 1990களின் பிற்பகுதியில் உலகெங்குமிருந்த தமிழார்வலர் கூடி வகுத்த திஸ்கி என்னும் குறிமுறையும், 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் வழி வந்த குறிமுறைகளும் இக்குழப்பத்தைத் தீர்க்க எடுத்த முயற்சிகளே. இலங்கையில் 2008ஆம் ஆண்டில் வெளியான எஸ்.எல்.எஸ். 1326 என்னும் நியமம் ஒருங்குறியைத் தழுவியது. பாடத்தைப் பேணவும் பரிமாறவும் ஒருங்குறியே வேண்டும். பொறியிலே காட்டுவதற்கு மாத்திரம் உருமுறை ஏற்றது. கணினியிலேயே ஒருங்குறிப் பாடத்தை உருமுறைக்கு மாற்றி, கொம்புகளை மெய்யின் முன்னே நகர்த்தி, அதன் பின்னரே கணிப்பானுக்கு அனுப்புதல் தக்க வழியாகும். வரியிறுதியிற் கொம்பு தனித்து நிற்க, அதற்குரிய மெய் அடுத்த வரிக்குச் செல்லாதவாறு செயலி காத்தல் வேண்டும் என்பதும் மனங்கொளத்தக்கது.

மூலபாடம் எங்குளது?

செயலியும் எழுத்தும் அமைந்தபின் வாசிப்பதற்குப் பாடம் வேண்டும். 1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழிலக்கியங்களைத் தொண்டர்கள் மூலம் தட்டெழுதி, பிழை திருத்தி, முதலில் திஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் இலவசமாக வழங்கி வருகின்றது. சுவிற்சர்லாந்திலிருந்து அதனை நடத்திய கு. கல்யாணசுந்தரம் வேதியியலாளர் என்பதும், பணியாற்றிய தொண்டர்கள் பல நாடுகளிற் பரந்திருந்தனர் என்பதும் இக்கட்டுரையின் கருத்துக்கு அரண் செய்வன. 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பெருந்தொகையாக எண்மப் படுத்தியுள்ளது.

இவ்விரண்டு முயற்சிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடுண்டு. முன்னையது பாடத்தை எழுத்தாகத் தருகின்றது; பின்னையது பெரும்பாலும் பக்கத்தைப் படமாகத் தருகின்றது. படமாகப் பேணுதல் இன்றியமையாதது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியூட்டப்பட்டது. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் தமிழர் இல்லங்களும் கடைகளும் எரியுண்டன. அவ்வில்லங்களிலிருந்த நூல்களும் உடன் அழிந்தன. இவற்றைக் கண்ட சமூகத்துக்கு எஞ்சிய ஒவ்வோர் இதழையும் உள்ளவாறே படம்பிடித்துக் காத்தல் முதற்கடமையாயிற்று. ஆயினும் படமாக உள்ள நூலொன்று பல மெகாபைட்டு அளவினது. அதனைச் சிறு பொறியிலே வைக்கவியலாது. அதிற் சொல்லைத் தேடவியலாது. பார்வையற்றோருக்கு ஒலியாக மாற்றவுமியலாது. தட்டெழுதிய பாடமே எப்பொறியிலும் புகும். வெள்ளவத்தையிலே 57ஆம் ஒழுங்கையில் அமைந்துள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் போன்ற இடங்களிலுள்ள அரிய நூல்கள் படமாக மாத்திரமன்றி எழுத்தாகவும் மாற்றப்படுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பரீட்சையும் பூட்டும்

கொழும்பு மாணவனுக்கு வரைபுக் கணிப்பான் எவ்வாறு அறிமுகமாகின்றது என்பதும் நோக்கத்தக்கது. கல்விப் பொதுத் தராதர உயர்தர இணைந்த கணிதப் பரீட்சையிற் கணிப்பானுக்கு இடமில்லை. தலைமுறை தலைமுறையாக மடக்கை அட்டவணையே நம் மாணவரின் கணிப்புக் கருவி. இலண்டன் பரீட்சை என வழங்கும் பிரித்தானியப் பரீட்சைகளுக்குத் தோற்றுவோரே, வெள்ளவத்தை போன்ற பகுதிகளில், உயர்நிலைக் கணிப்பான்களைப் பயன்படுத்துவோராவர். அப்பரீட்சை விதிகளின்படி கணிப்பானிலே மீட்டெடுக்கத்தக்க தரவுகளோ அகராதியோ சூத்திரங்களோ பாடமோ இருத்தலாகாது. வாசிப்புச் செயலி தரும் பயனே பரீட்சை மண்டபத்தில் விலக்கப்பட்ட பொருளாகின்றது.

இவ்விதி நியாயமானது. பரீட்சையின் நேர்மை காக்கப்படவேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயின் பரீட்சைக்கான கட்டுப்பாடு பரீட்சைக்கு வெளியேயும் நீளும்பொழுதே சிக்கல் தோன்றுகின்றது. 2009ஆம் ஆண்டில் ஆர்வலரொருவர் டி.ஐ.-83 பிளஸின் இயக்க முறைமையைப் பூட்டியிருந்த 512 இருமக் கையொப்பத் திறவியைக் காரணிப்படுத்திக் கண்டறிந்தார். நிறுவனம் அதனை வெளியிட்டோருக்குச் சட்ட அறிவித்தல் அனுப்பியது. அமெரிக்காவின் எண்ம உரிமை அமைப்பொன்று ஆர்வலர் சார்பில் நின்றது. 2020ஆம் ஆண்டில் அந்நிறுவனம் பரீட்சைப் பாதுகாப்பைக் காரணங்காட்டி டி.ஐ.-84 பிளஸ் சீ.ஈ. பொறியிற் பொறிமொழிச் செய்நிரல்களை இயக்கும் வசதியை நீக்கிற்று. அதே ஆண்டில் ஆர்வலர் மாற்று வழி கண்டனர். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த பிரான்சின் நம்வேர்க்ஸ் கணிப்பான் தன் மூலநிரலை எவரும் பார்க்கத் திறந்து வைத்தது. அதனைத் தழுவி ஆர்வலர் ஆக்கிய மாற்று முறைமைகளில் வாசிப்புச் செயலியும் இடம்பெற்றது. 2021ஆம் ஆண்டில் அந்நிறுவனமும் மாற்று முறைமைகளை நிறுவும் வழியை அடைத்தது. பின்னர் தனிச் செயலிகளை வடத்தின் வழி ஏற்றுவதற்கு மாத்திரம் இடமளித்தது. செயலியுடன் பாடக் கோப்பொன்றையும் சேர்த்தனுப்ப அதில் வழியுண்டு. அப்பொறியின் திரை 320க்கு 240 புள்ளிகள் கொண்டது. இருபது புள்ளி உயரத்தில் தமிழில் பன்னிரண்டு வரிகள் தெளிவாக அமையும்.

திறத்தலும் பூட்டலும் மாறிமாறி நிகழ்ந்த இவ்வரலாற்றிலிருந்து ஒன்று புலனாகின்றது. மாணவன் விலைகொடுத்து வாங்கிய பொறியில் தன் மொழியிலுள்ள பாடத்தை வாசிப்பதா இல்லையா என்பதை, அம்மொழியை அறியாத ஒரு நிறுவனம் தீர்மானிக்கும் நிலை உளது. ஆங்கிலம் வாசிப்போருக்கு இது வசதிக்குறைவு. உள்ளமைந்த எழுத்துருவிற் காட்டத்தக்க எதனையும் அவர் குறிப்பேட்டுச் செயலியில் வாசித்துக்கொள்வர். தமிழ் வாசிப்போருக்கு அத்தகைய மாற்று இல்லை. தம் எழுத்துருவைத் தாமே கொண்டுசெல்லும் செயலியை இயக்கும் உரிமை மறுக்கப்படின் அப்பொறியிலே தமிழே இல்லை. பரீட்சை வேளையிற் பொறியை வெறுமையாக்கும் முறையும், ஏனைய வேளையிற் பயனாளருக்கு முழு உரிமையும் ஒருங்கே அமைதலே இதற்குரிய தீர்வாகும்.

முடிவுரை

இக்காலத்திற் கைத்தொலைபேசியிலேயே தமிழ் வாசிக்கலாம் என்பது உண்மையே. ஒருங்குறி இடம்பெற்று, எழுத்துருக்கள் செம்மையுற்றபின் அவ்வாசிப்பு எளிதாயிற்று. எனினும் அவ்வெளிமையின் பின்னே நடைபெறும் வேலைகள் வாசகரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கொம்பு எவ்வாறு மெய்யின் முன் நகர்கின்றது, உகரம் எவ்வாறு மெய்யுடன் இணைகின்றது, பாடம் எத்தனை பைட்டில் அமைகின்றது என்பவற்றைக் கைத்தொலைபேசியைக் கொண்டு கற்றுக்கொள்ளுதல் அரிது. சில ஆயிரம் பைட்டுக்குள் அமையும் கணிப்பான் செயலியில் இவை யாவற்றையும் மாணவன் தன் கையாலே எழுதிப் பார்க்கலாம். 2022ஆம் ஆண்டின் பங்குனி இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிலவிய வேளையில், மின்கலத்திலே நெடுநாள் இயங்கும் எளிய பொறிகளின் அருமையும் உணரப்பட்டிருத்தல் கூடும்.

தெ மெல்லோவின் நூல் அச்சேறிய காலந்தொட்டு நோக்கின், தமிழெழுத்து ஒவ்வொரு புதிய பொறியினுள்ளும் தானாகப் புகுந்ததில்லை. அதன் எழுத்துத் தொகையை எண்ணி, உறுப்புகளைப் பிரித்து, பொறியின் எல்லைக்குள் அமைத்தவர்களின் உழைப்பினாலேயே புகுந்தது. முத்தையா அதனைத் தட்டச்சுப் பொறியிற் செய்தார். குறிமுறை வகுத்தோரும் பாடம் தட்டெழுதியோரும் கணினியிற் செய்தனர். வரைபுக் கணிப்பானில் அதனைச் செய்தற்கு வேண்டிய எண்கள் மேலே தரப்பட்டுள்ளன. அவை தடையாக இல்லை. கொழும்புப் பாடசாலைகளின் தமிழ் மன்றங்களும் கணித மன்றங்களும் ஒன்றுகூடி, உருக்களை வரைதலை ஒரு சாராரும், செயலியை எழுதுதலை மற்றொரு சாராரும், பாடத்தைத் தட்டெழுதிப் பிழை நோக்குதலைப் பிறரும் ஏற்பின், அது பயன் தரும் கூட்டுப்பணியாகும். அப்பணியில் ஈடுபடும் மாணவன் கணிப்பானைப் பற்றி அறிவதிலும் பார்க்கத் தன் எழுத்தைப் பற்றி அறிவது அதிகமாயிருக்கும்.